மடிப்புக்குள் ஒரு வீடு

பெருமழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் தெரு மடிந்தது. சலூனுக்கும் குடை ரிப்பேர்க் கடைக்கும் நடுவில் ஒரு நீலநிற வீடு இருந்தது. அது மடிப்புக்குள் போய்விட்டது. இடிந்து விழவில்லை, சத்தம் வரவில்லை, தூசி எழவில்லை. பிழிந்த துணியை உதறாமல் கொடியில் போட்டால் நடுவில் ஓரிடத்தில் தன்மேலேயே படிந்து உட்கார்ந்துகொள்ளுமே, அதுபோலத் தெரு தன்மேல் ஓரிடத்தில் படிந்துகொண்டது. சலூன்காரர் கடையைத் திறக்க வந்தபோது அவருடைய சுவரும் குடைக்காரருடைய சுவரும் ஒட்டி நின்றன. அவர்கள் இருவருக்கும் வெகுகாலமாகவே ஆகாது. நடுவில் ஒரு வீடு இருந்த தைரியத்தில்தான் அவரவர் கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். "இனிமே இவரு இருமினா என் கண்ணாடி ஆடும்" என்றார் சலூன்காரர். "உங்க கத்திரி சத்தம் மட்டும் எனக்கு சங்கீதமாக்கும்" என்றார் குடைக்காரர். கொஞ்ச நேரம் இப்படிப் பேசிக்கொண்ட பிறகுதான், நடுவில் இருந்த வீடு எங்கே என்ற கேள்வி இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது.

வீடு இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. முடியளவு கனம்கூட இல்லாத கோடு. இரண்டு கடைச் சுவர்களும் சேரும் இடத்தில் மேலிருந்து இறங்கி, நடைபாதையைக் கடந்து, தார் ரோட்டின் குறுக்கே நேராக ஓடி, எதிர்ப்பக்கத்துக் கிடங்கின் மதில்மேல் ஏறிப் போனது. மதிலோடும் அது நிற்கவில்லை என்பதைக் காகங்கள்தான் காட்டிக்கொடுத்தன. அந்த இடத்தைக் கடக்கும் காகம் கண்சிமிட்டும் நேரம் இல்லாமல் போய், மறுபக்கம் வந்ததும் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பறந்தது. கோட்டில் காது வைத்தால் வீடு கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம், தாழ்ப்பாள், ஓர் ஆணின் இருமல், பிறகு போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு பெண் குரல். "அப்பா, வெளியே இருக்கீங்களா? கதவத் திறந்தா சுவரா இருக்கு."

அந்த அப்பா எங்கள் தெருவின் இஸ்திரிக்காரர். எதிர்ப்பக்கத்தில், கிடங்கு மதிலை ஒட்டிய மரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி நின்றது. கரிபோட்ட பித்தளைப் பெட்டி, கம்பளி விரித்த மேசை, தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. அவர் மடிப்பு வைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்கள் பஸ்ஸில்கூட உட்காராமல் நின்றுகொண்டே போவார்கள் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் கசங்கிய சட்டையோடு பிறந்தவன். சைக்கிள் கடையில் வேலை. சட்டைப்பையில் ஸ்பானரும் நட்டும் திணித்திருப்பான், இஸ்திரி போட்டுக் கொடுத்ததைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்குவான். தெருவில் அவனுக்குக் 'கசங்கல்' என்றே பெயர். மாமனார் அதைத் தம் தொழிலுக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டார். கல்யாணமான பிறகு மருமகனோடு அவர் பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் மகளிடம் சொல்வார். தெரு மடிவதற்கு முந்தின நாள் மாலையில் அவர் சொன்னது இது: "உன் வீட்டுக்காரனை முதல்ல நேரா நிக்கச் சொல்லு. துணி தானா நேராகும்." மகள் சாலையைக் கடந்து அந்த நீல வீட்டுக்குள் போனாள்.

குரலைக் கேட்டதும் இஸ்திரிக்காரர் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். மடிப்பு என்றால் பெட்டி என்பதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை. இருந்த கரியையெல்லாம் போட்டு, ஊதி, பெட்டி சிவக்கச் சிவக்கக் கோட்டின்மேல் வைத்தார். அங்கேதான் தவறு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கால்சட்டைக்கு மடிப்பு வைத்த கை அது. மடிப்பைக் கண்டால் அதை எடுக்கத் தெரியாது, அதன் நீளத்துக்கே இழுத்துக் கூர்மையாக்கத்தான் தெரியும். மனம் மகளிடம் இருந்தது, கை பழக்கத்தில் இருந்தது. இந்த நடைபாதையில் தொடங்கி எதிர் மதில்வரை உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து, ஒரே இழுப்பாகக் கோட்டின் மேலேயே இழுத்துவிட்டார். இழுத்து முடித்து நிமிர்ந்தபோது மரத்திலிருந்து ஓர் இலை உதிர்ந்து கோட்டின்மேல் விழுந்தது. இரண்டு துண்டாக விழுந்தது. அவர் மண்டியிட்டுக் காதை வைத்துப் பார்த்தார். பாத்திரச் சத்தம் இல்லை. இருமல் இல்லை. "அப்பா" என்ற குரல் இல்லை.

அன்றைக்கு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. சாலையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடவுளிடம் நிறையப் பேசுகிற பெண்மணி. மனிதர்களிடம் அளவாகப் பேசுவாள். "ஏங்க, பட்டுல தப்பா மடிப்பு விழுந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "இது பட்டா?" என்று அவர் சீறினார். "பட்டுன்னு வச்சுக்கங்க. என்ன செய்வீங்க?" அவர் பதில் சொல்ல விரும்பாமலே சொன்னார். மேலே ஈரத்துணி போட வேண்டும். பெட்டியை அழுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும். ஆவி இறங்கும்வரை காத்திருந்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவ வேண்டும். ஒரு சாண் இளகின பிறகுதான் அடுத்த சாணுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் துணி பழுத்துவிடும், மடிப்பு அப்படியே இருக்கும். "ஒரு புடவைக்கே பொழுது போயிடும். இது தெரு" என்றார். "தெருதான். அவ எங்க போயிடப் போறா? உள்ளதானே இருக்கா" என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அவர் தெருவை இஸ்திரி போடத் தொடங்கினார். முதலில் தெரு, பிறகுதான் ஊர்த் துணி. மனைவி ஈரத்துணியைக் கோட்டின்மேல் விரிப்பாள். அவர் பெட்டியை வைத்து எடுப்பார். ஆவி குபுக்கென்று எழும். பிறகு இருவரும் கோட்டுக்கு இருபுறமும் குந்தி, எதிரெதிராக உள்ளங்கையால் நீவுவார்கள். தாரும் ஜல்லியும் கையைக் கிழித்தன. நீலவீட்டின் பக்கத்திலிருந்து தொடங்கி எதிர் மதிலை எட்டுவதற்குள் பருவமே மாறிவிடும். எட்டியதும் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குவார்கள். ஏணி வைத்துச் சுவர்மேல் ஏறியும் போட்டார். "மேல ஆகாசத்துல இருக்கிறதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று குடைக்காரர் ஒருநாள் கேட்டார். "ஆவி மேலதானே போவுது? நம்மால ஆகாத இடத்துக்கு அதுவா போய்க்கும்" என்றார் இஸ்திரிக்காரர். அவர் மனைவி தினமும் தொடங்குமுன் கண்ணை மூடி நின்று ஒரு சாணைத்தான் வேண்டிக்கொள்வாள். முழுசாகவே கேட்கலாமே என்று சலூன்காரர் சொன்னதற்கு, "பெரிசா கேட்டு சாமியைச் சங்கடப்படுத்தக் கூடாது. ஒரு சாண்னா அவரும் யோசிக்க மாட்டாரு" என்றாள்.

முதல் வருஷம் முழுவதும் தெரு சிரித்தது. சாலையை இஸ்திரி போட்டபின் மடித்து அலமாரியில் வைப்பாரா, கொக்கியில் மாட்டுவாரா என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஓடிவந்து "எங்க சந்துக்கும் ஒரு பெட்டி போட்டுக் குடுங்க" என்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். இரண்டாம் வருஷத்தில் சிரிப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் சொல்லத் தகுந்தது. சலூன்காரர் காலையில் முகம் மழிக்கக் காய்ச்சுகிற வெந்நீரில் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தவர், நாலெட்டு நடந்து கோட்டில் ஊற்றத் தொடங்கினார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தூறல் விழுந்தால் குடைக்காரர் ரிப்பேருக்கு வந்ததிலேயே பெரிய குடையை எடுத்துவந்து, பெட்டியில் தண்ணீர் படாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். குடையின் சொந்தக்காரர் வந்து கேட்டால், "ஓட்டை இருக்கான்னு மழையில பாத்துக்கிட்டிருக்கேன்" என்று பதில் சொல்வார். வேலைக்குப் போகிற பெண்கள் பாட்டிலில் இருக்கும் தண்ணீரைக் கோட்டின்மேல் ஒரு கை தெளித்துவிட்டுப் போனார்கள். துணி இளகுவதற்குச் சூட்டைவிட ஈரம் முக்கியம். அந்த ஈரம் ஒரு வீட்டுக் குடத்திலிருந்து வரவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும்.

அப்படியும் பலன் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டின்மேல் விழுந்த இலைகள் இரண்டாகவே விழுந்தன. தினமும் வேலை முடிந்ததும் இஸ்திரிக்காரர் ஓர் இலையை எடுத்துக் கோட்டின்மேல் மெதுவாக வைத்துப் பார்ப்பார். துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போவார். இப்படி எத்தனையோ இலைகளுக்குப் பிறகு, ஒரு காலையில் வைத்த இலை அறுபடவில்லை. கோட்டின்மேல் அப்படியே கிடந்தது. காற்றில் லேசாக ஆடக்கூட ஆடியது. அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் சலூன்காரரைக் கூப்பிட்டாள். சலூன்காரர் பாதி முகம் சோப்பு நுரையோடு இருந்த வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு வந்தார். ஓர் இலை முழுசாகக் கிடப்பதை அத்தனை பேரும் சூழ நின்று, மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். நுரைமுகக்காரர் வெளியூர், என்ன ஏது என்று தெரியாமலே அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பின் கோடு இளகத் தொடங்கியது. கூர்மை போயிற்று, பிறகு மெல்லிய மேடாக ஆயிற்று. ஒருநாள் இரண்டு கடைச் சுவர்களுக்கும் நடுவில் நூலளவு நீலம் தெரிந்தது. அது அந்த வீட்டின் நீலம். இஸ்திரிக்காரரின் மனைவி அந்த நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நூல் கயிறாகும், கயிறு பட்டையாகும் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது மழைக்காலம் வந்தது. மூன்று ராத்திரி விடாமல் பெய்தது. விடிந்து பார்த்தபோது தெரு ஊறிச் சுருங்கி, பழைய மடிப்பை நினைவு வைத்துக்கொண்டு அதிலேயே போய்ப் படிந்திருந்தது. நீலம் இல்லை. வைத்த இலை இரண்டாகிவிட்டது.

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கவிழ்த்துக் கரியைக் கொட்டினார். "போதும்" என்றார். "போனது பண்ண வேலைதானே, பண்ற கை இருக்குல்ல?" என்றாள் மனைவி. "இந்தக் கைதானே அவளை உள்ள வச்சு மூடிச்சு?" என்று அவர் கேட்டார். அத்தனை வருஷமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அது. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் தெருப்பக்கம் வரவில்லை. அவள் மட்டும் வந்து, ஈரத்துணியைக் கோட்டின்மேல் விரித்து, பெட்டியில்லாமல் வெறுங்கையால் நீவிவிட்டுப் போனாள். சூடில்லாமல் நீவுவதால் ஒன்றும் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் கேட்டவர் சலூன்காரர். வெந்நீரை ஊற்றக் குனிந்தவர் செம்பை அப்படியே வைத்துவிட்டு நின்றார். கோட்டுக்கு உள்ளேயிருந்து, உள்ளங்கையால் சுவரைத் தட்டுவதுபோலத் தொப், தொப் என்று மெதுவாக வந்தது. பெட்டியைக் கோட்டில் வைக்கிற வழக்கமான நேரம் அது. "இது உங்க வேலையா?" என்று குடைக்காரரைக் கேட்டார். "நான் ஏன் தட்டறேன்? எனக்கும் கேக்குது" என்றார் குடைக்காரர். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். "அண்ணே, எழுந்திருங்க. உள்ள தட்றாங்க." இஸ்திரிக்காரர் செருப்புக்கூடப் போடாமல் வந்தார். சத்தம் மிகவும் தாழ்ந்த இடத்திலிருந்து, முழங்கால் உயரத்திலிருந்து வருவதாக அவருக்குப் பட்டது. ஏன் அவ்வளவு தாழ்வாக என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அவர் கரியைப் பற்றவைத்து, ஈரத்துணியின்மேல் பெட்டியை வைத்தார். தட்டுவது நின்றது. பெட்டியை எடுத்து நீவிவிட்டு அடுத்த சாணில் வைத்தார். அதன்பின் அவர் ஒருநாள்கூட விடவில்லை. காய்ச்சலிலும் வந்தார். மனைவி காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த மாதங்களில், அவள் இடத்தில் சலூன்காரர் ஒருநாளும் குடைக்காரர் ஒருநாளுமாகக் குந்தி நீவினார்கள். நீவுவது எப்படி என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை வரும்.

இதற்கிடையில் ஊரெல்லாம் சாலை போடுகிற வருஷம் வந்தது. எங்கள் தெருவில் கோடு மறுபடி இளகி எழுந்திருந்த மேட்டைச் சமன்செய்யச் சொல்லி ஒரு ரோடு ரோலரை அனுப்பினார்கள். மடிப்பின்மேல் ரோலர் ஏறினால் என்னவாகும் என்று தெருவில் குழந்தைக்கும் தெரியும். அதற்குமேல் எந்த ஆவியும் இறங்காது. இஸ்திரிக்காரர் ரோலர் வருகிற வழியில் பெட்டியோடு போய் நின்றார். கத்தவில்லை, கும்பிடவில்லை, அவருக்கு இரண்டும் வராது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கினார். பெருத்த உடம்பு, ரொம்ப மெதுவான பேச்சு. எல்லாவற்றையும் கேட்டார். கோட்டில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க. அவசரமான வேலைக்கு என்னை யாரு கூப்பிடுவாங்க?" என்றார். "உங்க பெட்டியும் என் வண்டியும் சொந்தக்காரங்க மாதிரி. ரெண்டும் கனம், ரெண்டும் மெதுவாத்தான் போகும். சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்?" இஸ்திரிக்காரர் யோசித்துப் பார்த்து, தமக்கு எப்போதும் இல்லாமலிருந்தது என்ன என்று சொன்னார். பெரிய விரிப்பை இஸ்திரி போடும்போது மறுமுனையை யாராவது இறுக்கிப் பிடிக்க வேண்டும். தெருவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஓட்டுநர் ரோலரைத் தெருவின் கடைக்கோடிக்கு ஓட்டிப்போய் நிறுத்தினார். அதன் பாரத்தில் தெரு லேசாக விறைத்ததை நடைபாதையில் நின்ற எல்லாரும் காலடியில் உணர்ந்தார்கள். மேடு இன்னும் சமனாகவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவர் ரோலரை அந்த இடத்திலேயே விட்டுவைத்தார். அதன் சக்கரத்தில் கொடி படர்ந்தது. அவரும் தினமும் வந்து இருக்கையில் உட்கார்ந்து, வண்டி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். மேலதிகாரிகள் கேட்டபோதெல்லாம், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றே சொன்னார். அது பொய்யும் இல்லை.

தெரு விரிந்த நாளில் விசேஷமாக எதுவும் இல்லை. வெயில் அடித்தது. துணியை விரித்து, பெட்டியை வைத்து எடுத்து, இருவரும் குந்தி நீவினார்கள். ஈரத்துணிக்குக் கீழே ஏதோ மூச்சு விட்டதுபோல இருந்தது. கொடியில் கிடந்த போர்வையை யாரோ எடுத்து ஒருமுறை உதறினால் வருகிற சத்தம் வந்தது. சலூனும் குடைக்கடையும் ஒன்றையொன்று விட்டு மெல்ல விலகின. சலூன் மேசையில் இருந்த பவுடர் டப்பாகூட ஆடவில்லை. நடுவில் நீலம் அகலமாகி, சன்னலாகி, கதவாகி, படியாகி நின்றது. வானத்திலும் ஏதோ இழை பிரிந்திருக்க வேண்டும், வெளிச்சம் ஒரு நிமிஷம் ஆவிபோல அலைந்து பிறகு நிலைத்தது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். கடைசியாகக் கோடு இருந்த இடத்தில் இஸ்திரிக்காரர் ஓர் இலையைக்கூட வைக்கவில்லை.

கதவு மூடியிருந்தது. அத்தனை வருஷம் அந்தக் கதவுக்காக உழைத்தவர் அதன்முன் போய்த் தட்ட முடியாமல், பெட்டியைப் பிடித்தபடி சாலை நடுவில் நின்றார். உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அப்போது தாழ்ப்பாள் நீங்கி, கதவைத் திறந்துகொண்டு எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் பெண் வெளியே வந்தாள். வெயிலைப் பார்த்துக் கண்ணை இடுக்கினாள். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினாள். பெட்டியைப் பார்த்ததும் நேராக நடந்துவந்து அதைத் தொடக் கையை நீட்டினாள். "தொடாதே, சுடும்" என்று இஸ்திரிக்காரர் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பேத்தியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "தெரியும்" என்றாள் அவள். "தெனமும்தான் சுடுமே. நடுவுல மூணு நாள் சுடல. அப்ப நான்தான் தட்டினேன்."

அவளுக்குப் பின்னால் மகள் வந்தாள், தலையில் ஒன்றிரண்டு நரையோடு. மருமகனும் வந்தான். அவனுடைய சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மடிப்புக்குள் அவ்வளவு காலம் இருந்ததில் கஞ்சி போட்டதுபோல விறைத்து நின்றது. "மாமா" என்றான். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டு, அந்தச் சட்டையைக் கசக்கு கசக்கென்று கசக்கிவிட்டார். உள்ளே என்ன சாப்பிட்டார்கள் என்று யாரோ கேட்டார்கள். மடிப்புக்குள் எல்லாம் இரட்டையாகத்தான் இருக்கும், ஒரு கரண்டி எடுத்தால் அதன்மேல் படிந்த இன்னொரு கரண்டி அப்படியே இருக்கும், அதனால் பானை காலியாகவில்லை என்று மகள் சொன்னாள். ஏதோ பக்கத்துக் கடையில் வாங்கியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். குறை ஒன்றே ஒன்றுதான். வெயில் வராது, அதனால் குளிர்.

"நீங்க முதநாள் இழுத்தீங்கல்லப்பா, அன்னையிலேர்ந்து வெளியிலேர்ந்து ஒண்ணும் கேக்கல" என்றாள் மகள். இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா மறுநாள் காலையில தெருப்பக்கத்துச் சுவரு வெதுவெதுன்னு ஆச்சு. தெனமும் அதே நேரத்துக்கு ஆச்சு. இவ மாசம் நெறையறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. கையளவுதான் இருந்தா. அழக்கூட சத்தம் வரல. வேற சூடு எதுவும் இல்ல. தெனமும் அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்து, இவள நெஞ்சுல போட்டுக்குவேன். அந்தச் சூட்டுலதான் பொழச்சா." பிறகு குரல் இறங்கி, "நீங்கதான்னு எனக்குத் தெரியும். வேற யாரு தவறாம அதே நேரத்துக்கு வருவாங்க?" என்றாள்.

இஸ்திரிக்காரர் அந்தப் பழைய நாட்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இலைகள் இரண்டாக விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தெரு சிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நூல்கூட நகரவில்லை என்று அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனபோது, சுவரின் அந்தப் பக்கத்தில் கையளவு ஒரு பிள்ளை அவருடைய பெட்டியின் சூட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எதுவும் ஆகவில்லை என்று அவர் நினைத்த ஒவ்வொரு காலையிலும் அது நடந்திருக்கிறது. அவர் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னப்பெண் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அம்மா சுவரில் சாய்வதைப் போலவே அவர் மார்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அவருடைய மனைவி கண்ணை மூடிக் கைகூப்பினாள். அன்றைக்கு அவள் ஒரு சாண்கூடக் கேட்கவில்லை.

ரோலர் ஓட்டுநர் கொடியை அறுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார். இஸ்திரிக்காரருக்குத் தெருவில் இனி வேலை இல்லை. காலையில் நேரே வண்டிக்குப் போய் ஊர்த் துணியைத் தொடங்கினார். ஆனால் அந்த நீல வீட்டின் தெருப்பக்கத்துச் சுவர் அதே நேரத்துக்கு வெதுவெதுப்பாவதை நிறுத்தவில்லை. பெட்டி வைப்பாரில்லை, ஈரத்துணி விரிப்பாரில்லை. இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் சுவர் சூடேறி, வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் போய் முடிந்ததும் ஆறுகிறது. இஸ்திரிக்காரர் ஒருமுறை வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, வண்டியைப் பார்த்துக்கொள்வது மகள். சுவர் சுவர்பாட்டுக்கு இருக்கிறது. உடம்பு முடியாதவர்கள் காலையில் வந்து முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள். பச்சைப் பிள்ளைக்காரிகளுக்கு எப்போதும் இடம் விட வேண்டும் என்பது யாரும் போடாத விதி. மழைநாளில் காயாத துணிகளைத் தெருவே கொண்டுவந்து அதன்மேல் விரிக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. துணி காய்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். யார் துண்டு அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதில் மட்டும் தகராறு வரும். அப்போது குடைக்காரர் தம் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் எடம் இருக்கு. நல்லாப் பிழிஞ்சுட்டு வந்து போடுங்க, சொட்டுது" என்பார்.